பதினோராம் பக்கத்துக் கையெழுத்து

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு உன் தாய்மாமன் எழுதுவது.

இங்கே நான், உன் அத்தை, என் இடது முழங்கால் மூவரும் சுகம். அங்கே நீ, அக்கா, அக்காவின் சர்க்கரை மூவரும் எப்படி?

போனில் பேசினால் "சைட்ல இருக்கேன் மாமா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுப் பால் வாங்கப் போனேன். கடைக்காரர் சில்லறையை எண்ணிக்கொண்டே, "என்னங்க, உங்க மருமகள அரசாங்கமே தத்து எடுத்துக்கிச்சாமே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகத்தில் காட்டுவேனா? "பின்ன? எல்லாம் நம்ம ஏற்பாடுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து விசாரித்தால், அக்கா உன் அத்தையிடம் சொல்லி, அத்தை பால் கடையில் சொல்லி, தெருவுக்கே தெரிந்த பிறகு கடைசி ஆளாக எனக்குத் தெரிகிறது!

ஏதோ ஒரு பெரிய கம்பெனி உனக்கு வழிகாட்டியாம். கேட்டதும் சிரித்துவிட்டேன். கட்டட வேலையில் முப்பத்திரண்டு வருஷம் ஊறிய தாய்மாமன் ஒருவன் கல்லு மாதிரி இருக்கும்போது உனக்கு எதற்கம்மா வாடகைக்கு ஒரு வழிகாட்டி? அரசாங்கக் கட்டடத்தில் என் பெயிண்ட் படாத சுவர் எது? நீதிமன்றத்துக்கு நான் அடித்த வெள்ளையைப் பார்த்துவிட்டு நீதிபதியே கறுப்பு அங்கியை மாட்டக் கூச்சப்பட்டு ஐந்து நிமிடம் வெளியே நின்றார். சாட்சி இருக்கிறது.

நீ மொட்டை மாடியில் ஒழுகலை அடைக்கிறவள். நான் அதற்குக் கீழே அழகு செய்கிறவன். இருந்தாலும் தொழில் ஒன்றுதான். என்னைக் கேட்டிருக்கலாம்.

இந்தத் தாளைத் தடவிப் பார். கம்பெனித் தாள். மூன்று நிறத்தில் அச்சு. உன் கம்பெனிக்கு இப்படி அடித்தாயா? இல்லையென்றால் மாதிரி அனுப்புகிறேன்.

அக்காவை மாடிப்படி ஏற விடாதே. பதில் உடனே வர வேண்டும்.

உன் தாய்மாமன்


மார்ச் 21

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவின் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. அம்மாதான் கேட்பதில்லை. முழங்கால் வலியோடு ஏணி ஏறாதீர்கள்.

முதலில் உங்களிடம் சொல்லாதது தப்புதான், திட்டுங்கள். பட்டியல் வரும்வரை அம்மாவிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. முந்நூறு பேர் மனுப் போட்டு, பன்னிரண்டு பேரைத்தான் எடுத்தார்கள்.

தத்தெல்லாம் இல்லை மாமா. என்னை மாதிரி, கையில் வேலை இருந்தும் கைதூக்கிவிட ஆள் இல்லாமல், அடுத்தவர் எடுத்த ஒப்பந்தத்துக்குக் கீழேயே வருஷக்கணக்காக வேலை செய்கிறவர்களுக்கு அரசு கட்டடத் துறை கொண்டுவந்த திட்டம் இது. ஒரு பெரிய நிறுவனம் ஒரு சிறிய நிறுவனத்தை இரண்டு வருஷம் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெண்டர் நிரப்பவும், மதிப்புப் போடவும், ஆட்களைப் பாதுகாப்பாக வேலை வாங்கவும் பழக்க வேண்டும்.

ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. தொழில் உண்மையிலேயே மனுப் போட்டவருடையதாக இருக்க வேண்டும். பின்னால் வேறொரு ஆள் நின்று ஆட்டுவிக்கிறார், பெயருக்கு ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தியிருக்கிறார் என்று தெரிந்தால் அன்றைக்கே நீக்கிவிடுவார்கள். ஜூலையில் சரிபார்ப்பு. அதில் தேறினால் அரசு மருத்துவமனையின் மூன்று மொட்டை மாடிகள் எனக்கு, என் பெயரில், என் கையெழுத்தில். ஆறு வருஷமாக நான் அடைத்த ஒழுகலெல்லாம் வேறு யாரோ பெயரில்தானே அடைபட்டது?

எனக்கு வழிகாட்டியாக வந்திருப்பவர் அந்த நிறுவனத்தின் மூத்த பொறியாளர். உங்கள் வயதுதான். தலை நிறைய முடி. அதிகம் பேச மாட்டார்.

தாள் இன்னும் அடிக்கவில்லை. முதலில் வேலை வரட்டும்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 27

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் மட்டும் உன் கடிதம் படித்த பிறகு கொஞ்சம் குத்துகிறது.

முடியைப் பற்றி எழுதியது அவசியமா? ஒரு ஆளுக்கு அறுபதை நெருங்கும் வயதில் தலை நிறைய முடி இருக்கிறதென்றால் என்ன அர்த்தம்? வெயிலில் நிற்கவே இல்லை என்று அர்த்தம். எனக்கு ஏன் போயிற்று? சாரத்தில் நின்று போயிற்று. ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு கட்டடத்துக்குக் கொடுத்தது.

நான் தொழில் தொடங்கியபோது எந்த முடிக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்? எட்டாம் வகுப்பு வரை படித்தேன், அதிலும் எட்டாவதை நன்றாகப் பதிய வேண்டுமென்று இரண்டு தடவை படித்தேன். அதை வைத்துக்கொண்டே நானும் ஒருமுறை நேரடியாக அரசாங்க டெண்டர் போட்டவன்தான், தெரியுமா? கல்லூரி விடுதி, நானூறு அறை. அதிகாரி எழுந்து நின்று, "நீங்கதான் இத எடுக்கணும்" என்று கெஞ்சினார். நான்தான், "உங்க கெடுபிடியெல்லாம் நமக்கு ஒத்துவராது சார்" என்று தாளை மேசைமேல் வீசிவிட்டு வந்தேன். காற்றில் அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

சரி, அவர் சொல்லித் தராத ரகசியம் ஒன்று சொல்கிறேன். டெண்டர் உறை தடியாக இருக்க வேண்டும். வெறும் தாள் நாற்பதாவது உள்ளே சேர்த்து வை. கையில் எடுக்கும்போதே அதிகாரிக்கு ஒரு பயம் வரும்.

இதை அந்த முடிக்காரரிடம் சொல்லு. யார் சொன்னது என்றும் சொல்லு.

உன் தாய்மாமன்


மே 3

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தைக்கு என் அன்பு. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபிக்காதீர்கள். மூச்சு விட நேரமில்லை.

போன மாதம் பழைய டெண்டர் ஒன்றைக் கொடுத்துப் பழக்கத்துக்காக நிரப்பிவரச் சொன்னார் பொறியாளர். நான் கொண்டுபோன தாளில் சிவப்பு மை படாத இடமே இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. பொறியாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இப்ப அழுதா மை கரைஞ்சிரும். முதல்ல திருத்தி எழுதிட்டு வாங்க, அப்புறம் சேர்ந்தே அழுவோம்" என்றார். நாலாவது முறை சிவப்பு கொஞ்சம் குறைந்தது. எத்தனை ஆள், எத்தனை மூட்டை, மழை பிடித்தால் எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்கப் பொறியாளர் பழக்கிவிட்டார்.

வேலை முடிந்ததும் மாடியைச் சுற்றிச் சின்ன வரப்புக் கட்டி, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் காத்திருக்கிறோம். போன வாரம் ஒரு மாடியில் நான் அவசரப்பட்டு, "ஒழுகாது சார், நல்லாத்தான் பூசியிருக்கேன்" என்றேன். பொறியாளர் உதட்டில் விரல் வைத்தார். "ஒழுகலையான்னு நீங்க சொல்லக் கூடாது. தண்ணி சொல்லட்டும்." இரண்டு நாளும் கீழே அறையில் ஸ்டூல் போட்டு, கூரையை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு விழவில்லை. பொறியாளர் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அந்த ஒரு "ம்" போதும், ஒரு வாரம் சோறே வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


மே 9

அன்பு மருமகளுக்கு,

சுகம் என்றே வைத்துக்கொள்.

உன் கடிதத்தை உன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் "நல்லா எழுதியிருக்கா" என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன். பொறியாளர் ஐந்து தடவை வருகிறார். மாமா ஒரு தடவை. அதுவும் ஆரம்பத்தில், தபால்காரர் மாதிரி வாசலோடு நின்றுவிட்டான்.

நாற்பது வெறும் தாள் விஷயத்தை அவரிடம் சொன்னாயா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் முகம் போன போக்கை எழுதியிருப்பாய்.

"ம்" என்றாராம்! நீ முதல்முதலாக உன் பெயரில் பில் புத்தகம் அடித்து அனுப்பியபோது நான் இரண்டு பக்கம் பாராட்டி எழுதினேனே, அதற்கு ஒரு வேளைச் சோற்றையாவது தள்ளி வைத்தாயா? வாயைத் திறக்காத ஆளுக்குத்தான் இந்தக் காலத்தில் மதிப்பு. வாரிக் கொடுக்கிறவன் இளப்பம்.

போகட்டும். பக்கத்து வீட்டுக்காரர் நேற்று, "உங்க மருமகளுக்கு ஒரு பெரிய இன்ஜினியர் எல்லாம் பண்ணிக் குடுக்கிறாராமே" என்றார். பெரிய இன்ஜினியர்! இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் மரக்கட்டையா? உனக்காக ஒரு காரியம் செய்யப் போகிறேன். என்ன என்று கேட்காதே. செய்த பிறகு உன் வாயாலேயே சொல்வாய், மாமா மாமாதான் என்று.

அக்காவின் பாதத்தில் புண் ஏதும் வராமல் தினமும் பார்.

உன் தாய்மாமன்


ஜூன் 2

கட்டடத் துறையின் கைதூக்கும் திட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பு மிக்க ஐயா (அம்மாவாக இருந்தால் அம்மா) அவர்களின் மேலான பார்வைக்கு,

வணக்கம். தங்கள் நலத்துக்கும் தங்கள் துறையின் நலத்துக்கும் எங்கள் குடும்பம் தினமும் வேண்டிக்கொள்கிறது.

தாங்கள் தேர்ந்தெடுத்த பன்னிருவரில் ஒழுகல் தடுக்கும் பெண்மணி என் சொந்த அக்காள் மகள். அவளுடைய தகுதியில் தங்களுக்குக் கடுகளவும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தச் சிபாரிசை எழுதுகிறேன். அவளுக்குப் பின்னால் இருப்பது நான். தொழிலுக்கு முதல் போட்டது நான். எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது, எவரைச் சேர்ப்பது, எவரை நிறுத்துவது எல்லாம் என்னைக் கேட்டுத்தான். என் சொல் இல்லாமல் அவள் ஒரு மூட்டை சிமெண்டைப் பிரிக்க மாட்டாள். அவ்வளவு அடக்கமான பெண்.

ஆகவே, தாங்கள் நியமித்த பொறியாளரின் உதவிக்கு நன்றி. ஆனால் உண்மையான வழிகாட்டி யார் என்பது கோப்பில் பதிவாக வேண்டும். தேவையானால் நேரில் வந்து விளக்கவும் தயார். என் கம்பெனியின் பெருமையைத் தாளின் தலைப்பில் காண்க.

இப்படிக்கு,
முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம் உள்ள ஒரு தாய்மாமன்


ஜூன் 30

மாமாவுக்கு,

அம்மா சுகம்.

நேற்றுச் சரிபார்ப்பு அதிகாரி வந்தார். ஜூலை பாதியில்தான் வரவேண்டியவர். மேசைமேல் ஒரு தாளை வைத்து, "இது யாருன்னு தெரியுதா?" என்றார். மூன்று நிறத்தில் அச்சு. படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் படிக்கச் சொன்னார். உரக்கப் படிக்கச் சொன்னார். என்னிடம் வேலை செய்யும் ஆறு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஒரு மூட்டை சிமெண்டைப் பிரிக்க மாட்டாள்" என்ற வரி வந்ததும் ஒருத்தி சிரித்துவிட்டாள். நான் அப்போது சிமெண்டுக் கையோடுதான் நின்றேன்.

என் இடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் வெறும் பொம்மை, பின்னால் இருந்து நடத்துவது நீங்கள் என்று கோப்பில் எழுதியாயிற்று. ஜூலை 20-க்குள் அது அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் மருத்துவமனை போய்விடும். இனி மனுப் போடவும் முடியாது. என் ஆட்களுக்கு நான் வேறு வேலை தேட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதிகாரிக்கு இன்னொரு கடிதம். உண்மையை மட்டும்.

மருமகள்


ஜூலை 5

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தில் அத்தையை விசாரிக்கக்கூட உனக்கு மனசு வரவில்லை. பரவாயில்லை, நாங்கள் சுகம்.

நல்லது செய்யப் போனவனுக்கு இதுதான் பரிசா? சிபாரிசுக் கடிதம் என்றால் நாலு வார்த்தை கூட்டித்தான் எழுதுவார்கள். உலகத்தில் யார்தான் உள்ளதை உள்ளபடி சிபாரிசு செய்தார்கள்? அந்த அதிகாரிக்குப் படிக்கத் தெரியவில்லை. மார்ச்சில் நீ எழுதிய கண்டிப்பெல்லாம் எனக்கு எங்கே நினைவிருந்தது, அந்த ஆளின் முடிதான் நினைவிருந்தது.

உண்மையை எழுது என்கிறாய். எதை எழுத? "ஐயா, நான் யாருமில்லை" என்றா? என் பெருமையை என் கையாலேயே எழுதிக் கொன்று போடச் சொல்கிறாயா? ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லு. இப்படி எழுதச் சொன்னது அந்த முடிக்காரர்தானே? ஒரே கூரையின் கீழ் இரண்டு வழிகாட்டிகள் இருக்கக் கூடாது என்று அவருக்கு.

நான் நேரிலேயே புறப்பட்டு வருகிறேன். கம்பெனி வேலைகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிட்டு அடுத்த வாரம் வந்து, அதிகாரியிடம் நாலு வார்த்தை பேசினால் எல்லாம் சரியாகிவிடும். பேசியே காரியம் சாதித்தவன் நான்.

உன் தாய்மாமன்

கண்ணு, அத்தை எழுதுறேன். ஒட்டிப் போடச் சொல்லி என் கையில குடுத்தாரு. ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு வரி. கம்பெனிய மூடி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. அந்தத் தாளு மட்டும் ஒரு கட்டு அலமாரில மிச்சம் இருக்கு. காலையில அயர்ன் பண்ணின சட்டையோட கிளம்பிப் போயி, வேற ஒருத்தர் சைட்ல பழைய சட்டைய மாத்திக்கிட்டு பிரஷ் பிடிக்கிறாரு. சாயங்காலம் தின்னர் போட்டு நகக்கண்ணு வரைக்கும் கழுவிட்டுத்தான் தெருவுக்குள்ள நுழையிறாரு. உன் லெட்டர் வந்ததிலேருந்து சாப்பாடு இறங்கல. திட்டணும்னா திட்டு. நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காத.


ஜூலை 11

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா சுகம். அத்தையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். போன கடிதத்தில் மறந்தது என் தப்பு.

நேரில் வர வேண்டாம். வந்தால் நீங்கள் பேசுவீர்கள். பேசினால் இன்னும் பெரிதாகும். இவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்தால் முழங்காலும் தாங்காது.

பொறியாளர் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்க மாமாவுக்கு கையெழுத்து அழகா இருக்கே" என்றார். அவ்வளவுதான்.

அதிகாரி என்னிடம் ஒரு வழி சொன்னார். "'எங்க மாமா சொன்னது பொய்'னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, விசாரிச்சு முடிச்சிடலாம்" என்றார். பேனாவை எடுத்தேன். நாலு எழுத்துக்கு மேல் போகவில்லை. "எங்க மாமா அப்படித்தான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதை அவர் கோப்பில் எழுத முடியாதாம்.

அதனால் நீங்கள் எழுதினால் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் உங்களைப் பொய்யர் என்று நான் எழுத மாட்டேன். மருத்துவமனை போனால் போகட்டும், பழையபடி அடுத்தவர் பெயரில் அடைத்துக்கொள்கிறேன்.

20-ம் தேதி வெள்ளிக்கிழமை.

உங்கள் மருமகள்


ஜூலை 15

சரிபார்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இது வெறும் தாள். பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கிழித்தது. அச்சடித்த தாளில் எழுத உட்கார்ந்தேன். அந்தத் தாளில் உண்மை எழுத வரவில்லை.

ஜூன் 2-ம் தேதி நான் எழுதியதில் அவள் என் அக்காள் மகள் என்பது மட்டும்தான் உண்மை. அவள் தொழிலுக்கு நான் முதல் போடவில்லை. போடுகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். அவள் தன் தையல் இயந்திரத்தை விற்றுத் தொடங்கினாள். எந்த வேலையை எடுப்பது என்று அவள் என்னைக் கேட்டதில்லை. நானாகச் சொன்னதையும் செய்ததில்லை. செய்யாததுதான் நல்லது, நான் சொன்னது உறைக்குள் நாற்பது வெறும் தாள் வைக்கும்படி.

தாளின் தலைப்பில் தாங்கள் பார்த்த கம்பெனி இரண்டு வருஷத்துக்கு முன்பே மூடிவிட்டது. இப்போது கூலிக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். முப்பத்திரண்டு வருஷ அனுபவம் என்றேன். அதுவும் உண்மைதான், எல்லாம் மூன்றாம் கை வேலை. பெரியவர் எடுப்பார், அவரிடம் நடுவில் ஒருவர் வாங்குவார், அவரிடம் நான். நீதிமன்றச் சுவர் ஒன்று நான் அடித்ததுதான். நீதிபதியை நான் பார்த்ததில்லை.

ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

ஒருமுறை நானே கல்லூரி விடுதிக்கு டெண்டர் போட்டேன். மூன்று வாரம் உட்கார்ந்து நிரப்பினேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு என் பக்கம் தள்ளினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கு வெட்கம். வெளியே படியில் உட்கார்ந்து நானே பக்கம் பக்கமாகத் தேடினேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வலது ஓரத்தில். பதினோராம் பக்கத்தில் மட்டும் இடது ஓரத்தில். அதை விட்டிருக்கிறேன். எழுந்து உள்ளே போவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். வீட்டில் எல்லோரிடமும் நானே தாளை வீசிவிட்டு வந்ததாகச் சொன்னேன். பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறேன். அன்றைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து அந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டியிருந்தால் போதும். என் மருமகளுக்கு அப்படி ஒரு ஆள் கிடைத்தார் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாக அவள் எழுதிய கடிதத்தின் உறையில் என் கம்பெனிப் பெயர் இல்லை. வெறும் வீட்டு முகவரி. எப்போதும் கம்பெனிப் பெயர் போட்டுத்தான் எழுதுவாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் உள்ளே ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னைப் பொய்யன் என்று எழுதவும் மறுத்துவிட்டாள். அதனால் நானே எழுதுகிறேன், ஐயா. நான் பொய்யன். அவள் கம்பெனி அவளுடையது.

நம்பிக்கை இல்லையென்றால் அவள் பூசிய மாடியில் தண்ணீர் கட்டிப் பாருங்கள். அது சொல்லட்டும்.

இப்படிக்கு,
பெயிண்டர்

எல்லாப் பக்கத்திலும் இரண்டு ஓரத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.


ஆகஸ்ட் 22

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நிஜமாகவே சுகம். அம்மா நேற்று மாடிப்படி ஏறிவிட்டாள், என் பேச்சைக் கேட்காமல். மருத்துவமனையின் முதல் மொட்டை மாடியில் தண்ணீர் நிற்பதைப் பார்க்க வேண்டுமாம்.

ஆமாம் மாமா, கிடைத்துவிட்டது. அதிகாரி உங்கள் கடிதத்தை எனக்குக் காட்டினார். இந்த முறை உரக்கப் படிக்கச் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து படிக்க நாற்காலி போட்டுக் கொடுத்தார். கோப்பில் அதைக் கட்டிவிட்டார்கள், பிரதி கேட்டேன், விதி இல்லையாம்.

மாடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. கீழே வார்டில் ஸ்டூல் போட்டு நான் அண்ணாந்து பார்த்ததை நோயாளிகள் எல்லோரும் சேர்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. பொறியாளர் இந்த முறை "ம்" கூடச் சொல்லவில்லை. "அந்த பெயிண்டர் மாமா எப்ப வருவாரு?" என்றுதான் கேட்டார். தினமும் மாமாவைப் பற்றியே பேச்சு. எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது.

பழைய ஒழுகலில் வார்டுக் கூரை முழுக்கப் பெயிண்ட் உரிந்து கிடக்கிறது மாமா. நான் அடைத்துவிட்டேன், அழகு செய்ய ஆள் இல்லை. அந்த மாதிரி வேலைகளுக்குத் திட்டத்தில் அடுத்த பன்னிரண்டு பேரை எடுக்கிறார்கள். மூடிய தொழிலைத் திரும்பத் தொடங்குகிறவர்களும் மனுப் போடலாம். வயது வரம்பு இல்லை. விசாரித்துவிட்டேன்.

மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன் மாமா. இருபத்திரண்டு பக்கம். பதினோராம் பக்கத்தின் மூலையை மடித்திருக்கிறேன். இப்போதும் அது இடது ஓரத்தில்தான்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 29

அன்பு மருமகளுக்கு,

நான், அத்தை, முழங்கால் மூவரும் அமோகம். அக்காவை மாடியிலிருந்து பத்திரமாக இறக்கிவிட்டாயா?

மனு போய்விட்டது. மடித்த மூலையை மடித்தபடியே நேரில் கொடுத்தேன், அங்கேயும் யாருக்காவது உதவட்டும். கவுண்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தை விட்டு, "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று... சரி, எழுந்து நிற்கவில்லை. "இருக்குங்க" என்றாள். அவ்வளவுதான்.

பால் கடையில் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். பால் கடை கோப்பில் சேராது.

வழிகாட்டியாக உன்னையே கேட்கலாம் என்று பார்த்தேன். உறவினர் கூடாது என்று ஏழாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. ஆகவே உன் முடிக்காரர் யாரையாவது அனுப்பி வைக்கட்டும், எவராக இருந்தாலும் கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன். தலையில் முடி மட்டும் என்னைவிடக் கொஞ்சம் குறைவான ஆளாகப் பார்க்கச் சொல்லு.

உன் கடிதத்தை எண்ணினேன். மாமா ஆறு. பொறியாளர் ஒன்று.

உன் தாய்மாமன்
(வெறும் தாளில்)